மூன்றாவது தட்டு

அன்று காலை என் தங்கை ஸெனைதா என்னிடம் கடைசியாகக் கேட்டது ஓர் ஊக்கு. முகத்தில் கட்டிய துணி நழுவுகிறது என்றாள். சலினாஸ் ஊர்ப் பக்கத்து லெட்யூஸ் கீரை வயல்களில் நாங்கள் கண் மட்டும் தெரியும்படி முகத்தைக் கட்டிக்கொள்வோம், இடுப்பில் தொளதொளவென்று ஒரு சட்டையைச் சுற்றிக்கொள்வோம். கேட்டால் வெயிலுக்கு என்போம். அன்று வெயிலே இல்லை. கடலிலிருந்து வந்த மூடுபனி தரையில் படுத்திருந்தது.

என்னிடம் இருந்த ஒரே ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன்.

"முப்பது வயசுக்குள்ள கிழவி மாதிரி எல்லாத்தையும் கையில வச்சிருக்கே அக்கா. பல்லு மட்டும்தான் இன்னும் விழலை" என்றாள். பிறகு கழிப்பறைக்குப் போக வேண்டும், துணைக்கு வா என்றாள்.

எங்களை வயலுக்கு ஏற்றி வரும் பேருந்தின் பின்னால் இழுத்து வரும் வண்டியில் இரண்டு பிளாஸ்டிக் கழிப்பறைகள் உண்டு. அங்கே எந்தப் பெண்ணும் தனியாகப் போவதில்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று சுவரைத் தட்டிக்கொண்டிருப்பாள். இரண்டு தட்டு, சிறு இடைவெளி, ஒரு தட்டு. உள்ளே இருப்பவள் அதே மாதிரி பதில் தட்டுவாள். காவலுக்கு ஆள் மாறும்போது பேசிக்கொள்வதில்லை. வந்தவள் தட்டத் தொடங்கினால் நின்றவள் வேலைக்குத் திரும்பலாம். ஸெனைதாவின் மூன்றாவது தட்டு எப்போதும் தாமதமாக வரும். நடுவில் கொட்டாவி விடுகிறாள் என்று கேலி செய்வோம்.

நான் தட்டிக்கொண்டு நின்றேன். பனிக்குள்ளிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், பெட்டிகள் தேங்கி நிற்கின்றன என்று. கழிப்பறையின் அந்தப் பக்கச் சுவரில், வெளியிலிருந்து, தட்டல் தொடங்கியது. இரண்டு, ஒன்று. அடுத்துக் காவலுக்கு வர வேண்டிய எர்மெலிந்தா வந்துவிட்டாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்க்கவில்லை. நடந்துவிட்டேன்.

தட்டியது மேஸ்திரி எஃப்ரென்.

எங்கள் தட்டலை அவன் எத்தனை நாள் கேட்டுப் பழகினானோ தெரியாது. ஸெனைதா கதவைத் திறந்தாள். இடுப்பில் லெட்யூஸ் அறுக்கும் கத்தி இருந்தது. அவன் இடது கையைக் கிழித்தாள், பதினான்கு தையல். அவன் தள்ளியதில் வண்டியின் இரும்புக் கொக்கியில் அவள் தலை மோதியது. நான் ஓடி வந்தபோது பனியில் கத்தி கிடந்தது, பக்கத்தில் மூச்சில்லாமல் அவள்.

சாட்சி இல்லை, கத்தி அவள் கையில் இருந்தது, காயம் அவனுக்கு இருந்தது என்றார் அரசு வக்கீல். தற்காப்புக்காகத் தள்ளினான் என்று எழுதி வழக்கை முடித்தார்கள். தற்காப்பு என்ற சொல்லை அவள் பெயருக்கு எழுத வேண்டும் என்று கேட்டு நான் ஏழு முறை அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஏழாம் முறை என்னை உட்காரச் சொல்லவும் ஆள் இல்லை.

இரண்டு மாதத்தில் அவன் திரும்பி வந்தான். கூடவே புது விதியும் வந்தது. கழிப்பறைக்குப் போகிற பெண்கள் கத்தியை மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

நான் ஏன் விலகவில்லை என்று கேட்பார்கள். வேறு வேலை தேடும் தெம்பு இல்லை. தவிர, லிதுவினா வந்திருந்தாள். பத்தொன்பது வயது, சொந்த நாட்டில் ஒஹாகா மலையில் எங்களுக்குப் பக்கத்து ஊர். அவளுக்கு வெளியே தட்ட ஆள் வேண்டும்.

ஒரு வருடம் கழித்து, அதே போன்ற ஒரு காலை. இருவரும் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போனோம். அவள் உள்ளே, நான் வெளியே. பனியை விலக்கிக்கொண்டு எஃப்ரென் வந்தான்.

"ஒப்துலியா, அங்க பெட்டி நிக்குது. போ."

"அவ வரட்டும். சேர்ந்து வர்றோம்."

"நாளைக்கு பஸ்ல ஏறணுமா வேண்டாமா?"

நான் நகரவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன். போவதற்குக் கால் வரவில்லை, அவ்வளவுதான். அவன் சிரித்தபடி விரல் முட்டியால் சுவரைத் தட்டினான். இரண்டு, ஒன்று.

உள்ளேயிருந்து லிதுவினா பதில் தட்டினாள்.

பிறகு, பக்கத்துக் கழிப்பறை பதில் தட்டியது.

அது காலி.

தட். தட்.

நடுவில் ஒரு கொட்டாவி விடும் நேரம்.

தட்.

"அங்க யாரு?"

"யாரும் இல்ல, மேஸ்திரி."

"என்கிட்டயே விளையாட்டா?" என்று போய் அந்தக் கதவை இழுத்தான். எப்போதும் வரும் மருந்து நாற்றம் வரவில்லை. அறுத்த லெட்யூஸ் தண்டில் கசியும் பாலின் வாசனை, கசப்பாக, மூக்கை அடைத்தது. அவன் தலையை உள்ளே நீட்டினான், பிறகு ஓர் அடி வைத்தான்.

கதவு சாத்திக்கொண்டது.

காற்று இல்லை. காற்றிருந்தால் பனி நின்றிருக்காது.

முதலில் முட்டியால் தட்டினான். பிறகு கைகளால் அறைந்தான். ஒவ்வொன்றுக்கும் வெளியே இந்தப் பக்கச் சுவரிலிருந்து நிதானமாகப் பதில் போனது. நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை எதுவும் இல்லை. பிளாஸ்டிக் மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் லேசாகக் குழிந்து நிமிர்ந்தது.

லிதுவினா வெளியே வந்து என் கையைப் பற்றிக்கொண்டாள். "அக்கா, திறந்து விடலாமா?"

"தட்டுறவங்க பாத்துக்குவாங்க. வா."

வரிசைக்குத் திரும்பி வேலையைத் தொடர்ந்தோம். சாப்பாட்டு வேளையில் பேருந்து ஓட்டுநர்தான் அவனைக் கண்டுபிடித்தார். கதவின் வெளிக்கொண்டியில் ஓர் ஊக்கு மாட்டியிருந்தது. துருப்பிடித்தது. அவன் தரையில் உட்கார்ந்து இடது கையைப் பிடித்திருந்தான். ஒரு வருடமாக ஆறிப்போயிருந்த தழும்பு முழு நீளத்துக்கும் பிளந்திருந்தது. பதினான்கு தையலின் துளைகளும் புதிதாக இருந்தன.

போலீஸ்காரர் என்னிடம் அந்த நேரத்தில் கத்தி யாரிடம் இருந்தது என்று கேட்டார்.

"எல்லாம் அவர்கிட்டதான் இருந்துச்சு" என்றேன். எங்கள் இரண்டு கத்திகளும் அவன் இடுப்பில், உறைக்குள், ஈரம்கூடப் படாமல் இருந்தன.

எஃப்ரென் பிறகு வயலுக்கு வரவில்லை. என்ன பார்த்தான் என்று யாரிடமும் சொல்லவுமில்லை. புது மேஸ்திரி நல்ல மாதிரி என்கிறார்கள். அவனிடமும் கத்தியை ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறோம். வழக்கைத் திரும்ப எடுக்க எட்டாம் முறை போனேன். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பனி இறங்கும் நாட்களில் நான் யாரையும் துணைக்குக் கூப்பிடுவதில்லை. உள்ளே உட்கார்ந்து இரண்டு, ஒன்று என்று தட்டுவேன். வெளியே இரண்டு கேட்கும். பிறகு வெகுநேரம் ஒன்றும் இருக்காது. இன்றைக்கு வராது என்றே ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

மூன்றாவது இன்னும் தாமதமாகத்தான் வருகிறது.