வாலு கிழிக்காத தாள்

என் தம்பியை நான் இரண்டே நாளில் நான்கு முறை அடித்தேன். நான்குமே அவன் செய்யாத குற்றத்துக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் அதற்குள் என்னை ரொம்ப நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

அவனை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஆறு. என்னைக் குச்சி என்பார்கள். வயது பதினொன்று. நாங்கள் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலை. அம்மா ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு கடைகளுக்குப் பை தைத்துக் கொடுப்பாள்.

கீழே, தெருவை ஒட்டி, அச்சு மாமாவின் அச்சகம். அவர் எங்களுக்குச் சொந்த மாமா இல்லை. ஆனால் நோட்டீஸும் பில் புத்தகமும் வெட்டியபின் மிஞ்சுகிற நீளமான தாள் துண்டுகளை எனக்கென்று ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். சொந்த மாமா யாரும் அப்படிச் செய்ததில்லை.

தொல்லை ஒரு விரிசலில் ஆரம்பித்தது. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. படிக்கட்டு மாதிரி வளைந்து வளைந்து மேலே போயிற்று. வாலு அதில் பென்சிலை விட்டுக் குடைந்துகொண்டிருந்தான்.

"வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு தடவை சொல்லியாச்சு. வெள்ளையடிச்சாப் போயிடும்ங்கறார்" என்றார் அப்பா.

"அதுவரைக்கும் ஒரு தாளை ஒட்டி வைடி. இவன் குடைஞ்சு குடைஞ்சு சுவரையே தின்னுடுவான்" என்றாள் அம்மா.

மாவைக் கிளறிப் பசை செய்து, விரிசலுக்குக் குறுக்கே ஒரு தாள் துண்டை ஒட்டினேன்.

மறுநாள் காலையில் தாள் நடுவில் கிழிந்திருந்தது.

"நான் இல்லக்கா!"

"சுவரா கிழிச்சுக்கிச்சு?"

கிழித்ததற்கு ஒன்று, பொய் சொன்னதற்கு ஒன்று. வாலு அழுதான். நான் வேறு தாள் ஒட்டினேன். அடுத்த நாள் காலையில் அதுவும் கிழிந்திருந்தது. மறுபடியும் இரண்டு. இந்தத் தடவை அவன் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

பள்ளிக்குக் கிளம்பும்முன் முக்காலி போட்டு ஏறி, அவனுக்கு எட்டாத உயரத்தில் மூன்று தாள்களை ஒட்டினேன். மூலையில் ஒரு சிலந்தி வலை இருந்தது. விரிசலுக்குக் குறுக்கே போன இழைகள் மட்டும் அறுந்து தொங்கின. மற்றவை எல்லாம் ஒழுங்காக இருந்தன. சிலந்தியும் என்னைப்போல் தினம் ஒட்டுப் போட்டுப் பார்த்திருக்கும்போல. பாவம், அடிப்பதற்கு அதற்கு ஒரு தம்பி இல்லை.

அன்று வாலு என்னோடுதான் பள்ளிக்கு வந்தான், என்னோடுதான் திரும்பினான். கதவைத் திறந்ததும் சுவரைப் பார்த்தேன். மூன்று தாளும் கிழிந்திருந்தன.



"அம்மா, யாராவது வந்தாங்களா?"

"யாரு வரப்போறா? நான் எழுந்திருக்கவே இல்ல, நூறு பை கேட்டிருக்காங்க" என்றாள் அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். கிழிந்த தாளின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"இது கையால கிழிச்சது இல்லடி. கையால கிழிச்சாக் கோணலாப் போகும். இது ரெண்டு பக்கமும் இழுத்துப் பிரிஞ்சிருக்கு. பையில அளவுக்கு மேல சாமானைத் திணிச்சாத் தையல் இப்படித்தான் விடும்."

"அப்ப சுவரை யாரு இழுக்கறாங்க?"

அம்மா சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்பாவின் கிடங்கு எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு நாள் அடி வரிசை மூட்டை ஒன்றை எலி கடித்து, தானியமெல்லாம் ஒழுகிப் போயிருந்தது. கீழே எதுவும் தெரியவில்லை. உச்சி வரிசையில்தான் இரண்டு மூட்டைகளுக்கு நடுவே வாய் பிளந்திருந்தது. அதைப் பார்த்ததும் அப்பா கூலியாட்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிக் கத்தினார்.

நாங்கள் இருந்தது உச்சி வரிசை.

நான் கீழே ஓடினேன். வாலு பின்னாலேயே ஓடி வந்தான்.

இரண்டாம் மாடி அத்தை வீட்டில் அதே கோடு இருந்தது. அவள் அதன் மேல் ஒரு படத்தை மாட்டி மறைத்திருந்தாள். "இன்னிக்கு நேத்தா இருக்கு? அந்த வீட்டுக்காரன் வரட்டும், பேசிக்கறேன்" என்று ஆரம்பித்தாள். அவள் ஆரம்பித்தால் முடிக்க மாட்டாள். முதல் மாடியில் மாடிப்படியை ஒட்டிய சுவரிலும் அது இருந்தது. கோடு இறங்கிக்கொண்டே போய், அச்சகத்தின் கூரைக்குள் மறைந்தது.

அச்சகத்தில் புது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் அது வந்த அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. வாசலுக்குள் நுழைந்த மெஷின், நடுத் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் நுழையவில்லை. நாலு விரல் அகலம் இடித்தது. ஆளாளுக்கு யோசனை சொல்லிச் சிரித்தார்கள். மறுநாள் பார்த்தால் மெஷின் உள்ளே இருந்தது. எப்படி நுழைந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்தத் தூணைச் சுற்றி ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. மலையும் அருவியும். அருவி நடுவில் கசங்கிப் புடைத்திருந்தது. நான் தொட்டதும் உள்ளே ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது.

"மாமா, இந்தத் தூணைச் செதுக்கினீங்களா?"

மாமா மெஷினை நிறுத்தினார். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்க வீட்டுல தாள் கிழியுது. இங்க உங்க தாள் கசங்குது."

"போடி, பெரிய மனுஷி! மேல் பூச்சை மட்டும் கொஞ்சம் சுரண்டினேன், அவ்வளவுதான். தூண் கல்லு மாதிரி இருக்கு. நூறு வருஷம் தாங்கும். இந்தா, உன் டப்பா ரொம்பி வழியுது, எடுத்துக்கிட்டுப் போ."

எனக்கு அவரை நம்ப ஆசையாக இருந்தது. நிஜமாகவே ஆசையாக இருந்தது. டப்பாவிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"அப்ப சரி மாமா. நீங்க மெஷினை ஓட்டுங்க. நாங்க இங்கயே உக்காந்து வீட்டுப்பாடம் சொல்லிப் பாக்கறோம்."

தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வாலு என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒன்றாம் வாய்ப்பாட்டைப் பெரிய குரலில் ஆரம்பித்தான். அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மாமா சுவிட்சில் கை வைத்தார். அழுத்தவில்லை.

"அங்க உக்காராதீங்க."

"ஏன் மாமா?"

"வேற எங்கயாவது போய்ப் படிங்க."

"நூறு வருஷம் தாங்கும்னீங்களே?"

"உக்காராதீங்கன்னா உக்காராதீங்க! எழுந்திருங்க! வெளிய போங்க!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. வாலு வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டான். மாமா எங்களைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். தான் கத்தியது அவர் காதிலேயே அப்போதுதான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

அவரே போய் அருவியைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்.

தூணுக்கு இடுப்பே இல்லை. இரண்டு பக்கமும் உளியால் செதுக்கியிருந்தது. உள்ளே இருந்த இரும்புக் கம்பிகள் வெளியே பிதுங்கி வளைந்திருந்தன. எங்கள் கண் முன்னாலேயே அதிலிருந்து மணல் ஒழுகியது.

"ஐயோ" என்றார் மாமா. அப்புறம், "எதிர்ப்பக்கம் போய் நில்லுங்க, ரெண்டு பேரும். ஓடுங்க!"

அவர் மாடிப்படியில் ஏறி ஓடினார். வாலுவை எதிர்நடைபாதையில் நிறுத்தி, "இங்கேருந்து அசையாத" என்று சொல்லிவிட்டு நான் அவர் பின்னாலேயே ஓடினேன். அது முட்டாள்தனம்தான். ஆனால் மேலே என் அம்மா இருந்தாள்.

மை படிந்த கையால் மாமா ஒவ்வொரு கதவையும் தட்டினார். கதவெல்லாம் கறுப்புக் கையாக இருந்தது. "கட்டடம் விழப்போகுது! நான்தான் செஞ்சேன்! திட்டறதக் கீழ வந்து திட்டுங்க!"

அம்மா தையல் மெஷினைத் தூக்கப் பார்த்தாள். "இது இல்லாம எப்படிடி சாப்பிடறது?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அப்போது விரிசலிலிருந்து அவள் கையில் ஒரு பிடி தூசு கொட்டியது. அம்மா மெஷினை விட்டுவிட்டாள்.

இருபத்து மூன்று பேர் எதிர்நடைபாதையில் நின்றோம். அச்சு மாமா இரண்டு தடவை எண்ணினார். கட்டடம் எப்போதும்போல நின்றுகொண்டிருந்தது. ஜன்னலில் எங்கள் துண்டுகூடக் காய்ந்துகொண்டிருந்தது.

கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

"இந்த மனுஷன் பேச்சைக் கேட்டுக்கிட்டு எல்லாரும் நடுத்தெருவுல நிக்கறோம்" என்றாள் இரண்டாம் மாடி அத்தை. "அடுப்புல பால் வச்சது வச்சபடி இருக்கு. அணைச்சுட்டு வந்துடறேன்."

"வேணாம் அத்தை!"

"விடுடி கையை! ஒரு நிமிஷம்."

நான் விடவில்லை. அவள் கை மேல் என் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். குச்சியின் பாரம் எவ்வளவு இருந்துவிடப்போகிறது? அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு நாலடி நடந்தாள். அதைக் கண்ட வாலு ஓடி வந்து அவள் இன்னொரு கையில் தொங்கினான். அத்தை நின்றாள். எங்களைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள்.

திட்டு வரவில்லை. அகலமான துணியை யாரோ நீளக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அச்சகம் இருந்த இடத்தில் முதல் மாடி வந்து உட்கார்ந்தது. அதன்மேல் இரண்டாவது. எங்கள் ஜன்னல் துண்டோடு நேராகக் கீழே இறங்கியதைப் பார்த்தேன். அப்புறம் தூசியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

தூசி அடங்கியபோது என் பாவாடையை யாரோ இழுத்தார்கள். வாலு. முகமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"அக்கா, நான் இல்லக்கா. நான் எதையும் தொடல."

அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். "நீ இல்லடா. நீ எப்பவுமே இல்லடா" என்று சொன்னேன்.

அப்பா கிடங்கிலிருந்து ஓடி வந்தார். எங்கள் மூன்று பேர் தலையையும் தொட்டுப் பார்த்தார். பிறகு நேராகப் போய் அச்சு மாமாவின் சட்டையைப் பிடித்தார். மாமா விலகவில்லை. "அடி. நான் செஞ்சது அப்படி" என்றார். அப்பா ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

அதிகாரிகள் வந்து கேட்டபோது மாமா எதையும் மறைக்கவில்லை. அவரை வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது திரும்பிப் பார்த்து, "உன் தாள் டப்பா உள்ளயே போயிடுச்சே, குச்சி" என்றார். அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அவரை நினைத்தால் அவ்வளவு பாவமாகவும் இருந்தது. இன்றைக்கும் இரண்டும் அப்படியே இருக்கின்றன.

எங்களைப் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் தங்க வைத்தார்கள். தையல் மெஷின், என் புத்தகங்கள், வாலுவின் கோலிக்குண்டு டப்பா, எல்லாம் அந்தக் குவியலுக்கு அடியில். எங்களுக்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்பு. அதன் சுவரிலும் கரும்பலகைக்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு விரிசல் இருந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். பாயைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். படுக்கவில்லை.

என் சட்டைப் பையில் அந்த ஒரு தாள் இருந்தது. டீச்சரின் மேஜையில் பசை இருந்தது. விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினேன். வாலு தள்ளி நின்று பார்த்தான்.

"அக்கா, நான் ரெண்டு கையையும் முதுகுக்கு அடியில வச்சுக்கிட்டே தூங்கறேன். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்டா. நான் உன்னை நாலு அடி அடிச்சேன்ல? திருப்பி அடிச்சுக்கோ."

அவன் யோசித்தான். "இப்ப வேணாம். நீ பெரிய தப்புப் பண்ணும்போது மொத்தமா அடிச்சுக்கறேன்" என்றான்.

விடிந்து பார்த்தபோது அம்மா உட்கார்ந்த இடத்திலேயே சுவரைப் பார்த்தபடி இருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. முதலில் பாயைவிட்டு எழுந்தது வாலுதான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே சுவரருகே போனான். மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்கு எட்டிப் பார்த்தான்.

"அம்மா! கிழியல!"

அம்மா எழுந்து வந்தாள். தாளின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலால் மெதுவாகத் தடவினாள். பிறகு பாயில் போய்ப் படுத்து, உடனே தூங்கிவிட்டாள்.