பிளாசம் தாண்டவில்லை

"மறுபடியும் சோளக்கொல்லைக்குள்ள பூந்துடுச்சு!"

ஏசா போட்ட சத்தம் அந்தக் கென்டக்கி மலைச்சரிவு முழுக்கக் கேட்டது. அவருடைய மகள் லவினா ஓடிப்போய்ப் பார்த்தாள். பிளாசம் பசு சாவகாசமாகச் சோளத்தட்டையை மென்றுகொண்டிருந்தது. வேலி தாண்டக்கூடாதென்று அதன் கழுத்தில் அப்பா ஒரு கவட்டைக்கட்டையை மாட்டியிருந்தார். பாவம், கழுத்தெல்லாம் கன்றிப்போயிருந்தது.

"இனிமே முடியாதும்மா. நாளைக்கு மாட்டு வியாபாரி வர்றார். பிடிச்சுக் கொடுத்துடப் போறேன்."

லவினா பசுவின் கன்றிய கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். "இவ்வளவு பெரிய கட்டையோட அது எப்படிப்பா தாண்டும்?"

"அதை அதுகிட்டயே கேளு!"

லவினா வேலியிடம் கேட்கப் போனாள்.

பாம்பு போல வளைந்து வளைந்து போகிற வேலி அது. ஆணி கிடையாது. பிளந்த மரக்கட்டைகளை, நுனிமேல் நுனி வைத்து அடுக்கியதுதான். எங்கேயும் ஒரு கட்டைகூட உடையவில்லை. ஊற்றுக்குப் போகிற பக்கம் மட்டும், மேல்கட்டைகள் இரண்டு புல்லில் கிடந்தன. தாறுமாறாக இல்லை. தூங்குகிற அண்ணன் தம்பி மாதிரி ஒழுங்காகப் படுத்திருந்தன. பக்கத்திலேயே, அப்பா காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த, புகைபிடிக்கிற குழாய்!

லவினா அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"ஏம்ப்பா, நம்ம பிளாசம் கட்டைய இவ்வளவு அழகா எறக்கி வைக்குமா? புகைகூடப் பிடிக்குமா?"

ஏசா முழங்காலைத் தடவினார். "முட்டி வலிக்குதும்மா. ஏறித் தாண்ட முடியல. தண்ணி குடிக்கப் போறப்ப ரெண்டு கட்டைய எறக்கி வைப்பேன். திரும்பி வர்றப்ப..."

"மறந்துடுவீங்க!" பின்னாலேயே வந்திருந்த அம்மா சிரித்தாள். "கழுத்துல கட்டை மாட்ட வேண்டிய ஆளு வேறயாக்கும்!"

"அம்மா, சும்மா இரு. முட்டி வலிச்சா அப்பா என்ன செய்வார்?" லவினா வேலி மடங்குகிற மூலையைக் காட்டினாள். "இங்க கட்டைக்கு நடுவுல ரெண்டு பலகைய குறுக்கே சொருகலாம்ப்பா. ஒண்ணு கீழே, ஒண்ணு மேலே. ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டிருந்தா படிக்கட்டுதானே? கட்டைய எறக்கவே வேணாம்."

சாயங்காலத்துக்குள் படி தயாராகிவிட்டது. பிளாசத்தின் கழுத்துக்கட்டையை அப்பாவே கழற்றினார். பசு வேலி மூலையில் கழுத்தை வைத்துச் சுகமாகத் தேய்த்துக்கொண்டது.

மறுநாள் வியாபாரி வந்தார். "எங்கேங்க அந்த வேலி தாண்டுற மாடு?"

படியின் உச்சியில் நின்றபடி ஏசா கேட்டார்: "நான்தாங்க அது. என்ன விலைக்கு எடுத்துக்குவீங்க?"