தனிக்குடித்தனம் போன மீன்கள்

திண்டிவனத்தில் விருத்தாசலத்தின் வீடு மானமுள்ள வீடு. அண்ணன், தம்பி இரண்டு குடும்பத்துக்கும் அங்கே ஒரே உலைதான். அப்படிப்பட்ட வீட்டின் கூடத்தில், கண்ணாடித் தொட்டிக்குள், ஒரு புருஷன் பெண்டாட்டியை விரட்டி விரட்டிக் கடித்துக்கொண்டிருந்தான்!

இரண்டும் சிச்லிட் மீன்கள். பத்து வயது இசைவாணிக்காக அவள் அப்பா அறிவுச்செல்வன் விழுப்புரத்துக் கடையில் ஜோடியாகப் பார்த்து வாங்கி வந்தவை.

"பாருடா அறிவு, மறுபடியும் கடிக்கிறான்!" பெரியப்பா விருத்தாசலத்தின் மீசை துடித்தது. "நம்ம வம்சத்துல பொண்டாட்டி மேல கை ஓங்கினவன் உண்டா?"

"அவனுக்குக் கையே கெடையாதே பெரியப்பா" என்றாள் இசைவாணி.

"வாய் இருக்குதில்ல? நாளைக்குக் காலையில ரெண்டையும் கொண்டுபோய்க் கடையிலயே வுட்டுட்டு வாடா."

அப்பா தலையாட்டிவிட்டார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு ஏது?

இசைவாணி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பெண் மீன் வால் கிழிந்து, தொட்டியின் காற்று மோட்டாருக்குப் பின்னால் ஒண்டிக் கிடந்தது. கடைக்காரர் இரண்டையும் மறுபடி ஒரே தொட்டியில்தான் விடுவார். அது பிழைக்குமா?

வந்த புதிதில் இரண்டும் ஒற்றுமையாகத்தானே இருந்தன?

"எப்பம்மா சண்ட ஆரம்பிச்சுது?"

அம்மா யோசித்தாள். "கூட இருந்த அந்தப் பொடி ஜீப்ரா மீனையெல்லாம் தொட்டியிலேர்ந்து எடுத்த அன்னிக்குத்தான். புதுசா கட்டிக்கினவங்க, தனிக்குடித்தனம் வெச்சுடலாம்னு உங்க பெரியம்மாதான் சொன்னாங்க."

எட்டு ஜீப்ரா மீன்களும் கொல்லைப்புறத்தில் ஒரு டப்பில் இருந்தன. இசைவாணி காலி ஊறுகாய் ஜாடியை நன்றாகக் கழுவினாள். டப்புத் தண்ணீரோடு இரண்டு மீன்களை அதில் பிடித்து வந்து, தொட்டியை ஒட்டி வைத்தாள்.

விரட்டிக்கொண்டிருந்த ஆண் மீன் சட்டென்று நின்றது. திரும்பியது. செவுளை விரித்துக்கொண்டு ஜாடியை நோக்கிப் பாய்ந்தது. டொக்! கண்ணாடியில் மூக்கு இடித்தது.

மறைவிலிருந்த பெண் மீன் மெல்ல வெளியே வந்தது. ஆண் மீனின் பக்கத்தில் போய் நின்று, தானும் செவுளை விரித்தது.

"பெரியப்பா! ஜல்தி வாங்க!"

வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அவனுக்கு யாரையாவது வெரட்டிக்கினே இருக்கணும் பெரியப்பா. வெளியாளு யாருமில்ல, அதான் இவள வெரட்டிக்கினு இருந்தான்."

"அதுக்கு? பொடிசுங்கள உள்ள வுட்டா அதுங்க கடிபடாதா?"

"எட்டும் நம்ம தெருப் பசங்க மாதிரி. ஓட ஆரம்பிச்சா யாராலயும் புடிக்க முடியாது. ஒளிய எடமும் வெக்கிறேன்."

"சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். ஒரு கடி வுழுந்தாலும் கடைக்குத்தான்!"

இசைவாணி ஒரு மூலையில் பாசிச்செடியை அடர்த்தியாக வைத்தாள். மறுமூலையில் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தாள். பிறகு ஜீப்ரா மீன்களை ஒவ்வொன்றாக விட்டாள்.

பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, நீதிபதி போல உட்கார்ந்தார். ஆண் மீன் பாயும். பொடிசுகள் சிதறி ஓடும். மறு நொடியே திரும்பி வரும். ஆண் மீனுக்கு மூச்சு வாங்கியது. பெண்டாட்டியைக் கடிக்க நேரமே இல்லை! விளக்கு வைக்கும் நேரத்தில் பெண் மீன் நிதானமாக வந்து இரை தின்றது.

பெரியப்பா எழுந்தார். "அறிவு! நாளைக்கு எங்கயும் போவாத."

மூன்று வாரம் போனது. கிழிந்த வால் வளர்ந்துவிட்டது. ஒருநாள் கொட்டாங்குச்சிக்குள்ளிருந்து, கடுகைத் தூவியது போல, குஞ்சுகள் கூட்டமாக வெளியே வந்தன. அப்பன் ஒரு பக்கம் காவல், ஆத்தா மறுபக்கம் காவல். ஜீப்ரா மீன்கள் எட்டும் செடிப் பக்கமே சமர்த்தாக நீந்தின.

பெரியப்பா மீசை கண்ணாடியில் படும்படி குனிந்தார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து அவர் மீசை மேல் பாய்ந்தார்கள். பெரியப்பா துள்ளிப் பின்னால் நகர்ந்தார்!

வீடே சிரித்தது. அவரும்தான்.

சேதி பரவி, தெருப் பிள்ளைகள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். பெரியப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதவருகே நின்றார்.

"வரிசையா வாங்க! கண்ணாடியத் தொடக் கூடாது. எது கேக்கறதா இருந்தாலும் எங்க இசைவாணியக் கேளுங்க!"

இசைவாணி முக்காலி மேல் ஏறி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ம்... மொதல்ல யாரு?"