கேட்காமல் எழுதிய எண்

நண்பகல் ஜெபத்திற்குப் பின் முதலாவதாக வந்து அமர்ந்த பெண்ணின் கையில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் உருண்டையை அழுத்தி, இரத்த அழுத்தக் கருவியின் பாதரசத்தை இருநூறு வரை ஏற்றி, பின்னர் மெல்ல இறக்கியபோது, டீச்சரின் காதில் எந்த ஓசையும் விழவில்லை. இறங்கும் வழியில் ஓரிடத்தில் நாடி தட்டத் தொடங்க வேண்டும். மற்றோரிடத்தில் அது அடங்க வேண்டும். அவ்விரு எண்களையும் அட்டையில் எழுத வேண்டும். அவருடைய வேலை அவ்வளவே. பாதரசமோ எவ்விதத் தடையுமின்றி, கிணற்றில் விட்ட கயிறு போலச் சுழியம் வரை இறங்கி நின்றது.

"கை ஏம்மா இப்படி ஜில்லுனு இருக்கு?"

"ரொம்ப தூரத்துலேருந்து வரேன் டீச்சரம்மா," என்ற அப்பெண், இடுப்பில் செருகியிருந்த சென்ற ஆண்டின் அட்டையை எடுத்து நீட்டினாள். ஈர மண் வாடை வீசிய அந்த அட்டையில், டீச்சரின் வடிவான கையெழுத்தில் 120/80 என்றிருந்தது. "இதைப் பாத்துட்டுதான் மாத்திரையே வேணாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நானும் நிறுத்திட்டேன்."

திரைக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. "அம்மா, எவ்வளவு?"

டீச்சர் பழைய அட்டையைப் பார்த்தார்.

"நூத்தி இருபது, எண்பது," என்றார்.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று, கணவரையும் இழந்த பின், ஆண்டுக்கொரு முறை ஆலயத்தின் மருத்துவ ஊழியக் குழுவோடு, மருத்துவமனையே இல்லாத இவ்வூருக்கு வருவது ஒன்றே அவருக்குப் பிடிமானமாக இருந்தது. மருத்துவரான மகளே இக்கருவியை அவருக்குப் பழக்கியிருந்தாள். "எங்கம்மா காதுதான் பாதி டாக்டர்," என்று குழுவினரிடம் பெருமையடித்துக்கொள்வாள். அந்தக் காதுதான் சென்ற ஆண்டு அவரைக் கைவிட்டது. நண்பகலுக்குப் பின் முற்றத்தில் ஒலிபெருக்கி அலறத் தொடங்கியதும், டீச்சருக்கு ஒரு துடிப்பும் பிடிபடவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், இனி வீட்டிலேயே இரு என்று மகள் சொல்லிவிடுவாளோ என்ற அச்சம். ஆதலால், பொழுது சாயும்வரை வந்த முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே எண்ணை எழுதினார். எல்லாம் முடிந்த பிறகு, தலை வலிக்கிறது என்று விளையாட்டாகக் கை நீட்டிய மகளுக்கும் அதையே எழுதினார்.

இவ்வாண்டு ஒலிபெருக்கி இல்லை. ஆலயத்தின் தகரக் கூரை வெயிலில் முறுகும் ஒலி கேட்டது. வாசலருகே கம்பவுண்டர் மாத்திரைப் பட்டைகளைக் கத்தரிக்கும் ஒலி கேட்டது. பஞ்சில் ஊறிய ஸ்பிரிட்டின் நெடியினூடே, புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை ஒன்று மெல்ல மெல்லப் பரவிற்று. எதிரே அமர்ந்தவரின் நாடி மட்டும் கேட்கவில்லை. அடுத்து வந்த முதியவரின் நாடியும் கேட்கவில்லை. அவருக்கடுத்து ஒரு கர்ப்பிணி வந்தாள். சென்ற ஆண்டு நிறைமாதமாக வந்தவள். இவ்வாண்டும் நிறைமாதமாகவே வந்திருந்தாள்.

"அதே நம்பர்தானே டீச்சரம்மா? எழுதுங்க," என்றாள் அவள், புன்னகையுடன்.

எழுதினார்.

கம்பவுண்டர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். மெலிந்த உடம்பினால் குழுவில் அவருக்குக் குண்டூசி என்று பெயர். "என்ன டீச்சர், ஊருக்கே ஒரே நம்பரா? பந்தியில உக்கார வெச்சுப் பரிமாறுற மாதிரி இருக்கு!"

"குண்டூசி, இங்க வா. கையை நீட்டு. மெஷினைப் பாக்கணும்."

"ஐயோ, எனக்கா? போன வருஷமே உங்ககிட்ட சிக்காம ஓடினவன் நான்."

இருப்பினும் நீட்டினார். கை வெதுவெதுப்பாக இருந்தது. நூற்றைம்பதில், பூட்டிய கதவை யாரோ தட்டுவது போல, அவருடைய நாடி ஓங்கி ஒலித்தது.

"நூத்தி அம்பது."

"மாமியார் வந்திருக்காங்க டீச்சர். அதுக்கு ஒரு இருபதைக் கழிச்சுக்கோங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. கருவி பழுதில்லை. காதும் பழுதில்லை.

வெயில் மஞ்சளாகிச் சாய்ந்தது. வந்தவர்கள் திரைக்குப் பின் சென்று திரும்பினார்கள். ஆனால் வாசலை நோக்கி எவரும் போகவில்லை. மீண்டும் பெஞ்சுகளிலேயே போய் அமர்ந்தார்கள். பேச்சில்லை. இருமலில்லை. அத்தனை பேர் அமர்ந்தும் பழைய பெஞ்சுகள் கிறீச்சிடவில்லை.

முப்பத்திரண்டாவது அட்டையும் எழுதியாயிற்று. கம்பவுண்டர் மருந்துப் பெட்டிகளை வண்டியில் ஏற்ற வெளியே சென்றார்.

திரை அசைந்தது.

மகள் வந்து எதிரே அமர்ந்தாள். சட்டைக்கையை முன்னரே முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தாள். விரல்களுக்கிடையே ஓர் அட்டை. சென்ற ஆண்டின் அட்டை.

"தலை வலிக்குதும்மா. போன வருஷம் மாதிரியே. கொஞ்சம் பாரேன்."

"கண்ணு, போன வருஷம் நான் உனக்கு..."

"முதல்ல பாரும்மா. அப்புறம் பேசலாம்."

பட்டையைச் சுற்றினார். தோல் ஜில்லென்றிருந்தது. உருண்டையை அழுத்தினார்.

இருநூறு.

நூற்றெண்பது. நூற்றைம்பது.

இல்லை.

நூறு. எண்பது.

ஒன்றுமில்லை.

ஐம்பது. இருபது.

சுழியம்.

மீண்டும் ஏற்றினார். மீண்டும் இறங்கிற்று. தம் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் செவிப்பறையில் இடித்தது. பெஞ்சுகளிலிருந்து முப்பத்திரண்டு முகங்களும் அவரையே பார்த்திருந்தன.

"எவ்வளவும்மா?"

கேட்கவில்லை. அந்த ஒரு சொல்தான். சென்ற ஆண்டு சொல்லியிருக்க வேண்டிய சொல். இப்போது சொன்னால் அதற்குப் பொருள் ஒன்றே ஒன்றுதான். பெற்றவள் வாயால் அதை எப்படிச் சொல்வது?

"நூத்தி இருபது," என்றார் டீச்சர். "எண்பது."

"அப்ப நல்லாத்தான் இருக்கேன்." மகள் சிரித்தாள். கையிலிருந்த அட்டையோடு எழுந்தாள்.

வெளியே வண்டி உறுமிற்று. "டாக்டரம்மா, கிளம்பலாமா?" என்று கம்பவுண்டர் குரல் கொடுத்தார்.

அவள் வாசற்பக்கம் திரும்பவில்லை. பெஞ்சுகளை நோக்கி நடந்தாள். அங்கிருந்தவர்கள் ஓசையேதுமின்றி ஒருவரையொருவர் நெருங்கி அமர்ந்து, ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்கள். மகள் அவ்விடத்தில் அமர்ந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தாயைப் பார்த்தாள்.

மடித்துவிட்ட சட்டைக்கையை அவள் இறக்கிவிடவில்லை.