துலக்கிய நாட்கள்

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் யாராவது இறந்துபோனால், ஓராண்டுக்குள் அவருடைய சண்டைகளைத் துடைத்துவிடுவது வழக்கம். நினைவு நாளுக்கு வரும் உறவினர்கள் கண் கலங்கலாம், முகம் சுளிக்கக் கூடாது. சுவரில் பதித்த கண்கள் வீட்டில் நடப்பதையெல்லாம் பதிந்து, நாளுக்கு ஓர் எண் போட்டு நினைவடுக்கில் சேர்த்து வைத்திருக்கும். வேண்டிய நாட்களை வெட்டியெடுத்து, வேண்டாததைத் துடைத்தால் முடிந்தது.

தேவசகாயத்துக்கு இதில் தான் கெட்டிக்காரர் என்று நினைப்பு. முன்பு அம்மாவின் நினைவு நாளுக்காக, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதினோரு நாட்களை எண் சொல்லி எடுத்தார். இஷ்டத்துக்குத் துடைத்தார். நினைவடுக்கில் இருந்த மூலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது மனைவி ரோஸ்லின். முப்பத்தோரு வருடத்தை யார் பொறுக்கிக்கொண்டிருப்பது? கல்யாண நாள் முதல் கடைசி நாள் வரை என்று ஒரே வெட்டாக வெட்டி, நான்கு மாதம் உட்கார்ந்து துடைத்தார்.

நினைவு நாள் ஜெபம் நன்றாகவே நடந்தது. “இப்படியும் ஒரு ஜோடியா!” என்று எல்லாரும் அழுதார்கள். அவர்கள் போன பிறகு அவரால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. அவள் திட்டுவதைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. மாத்திரையை மறந்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் திட்டித் தீர்ப்பாளே, அந்தக் குரல் வேண்டும். மூல அடுக்கைத் திறந்தார். ஒரு நாளிலும் அந்தக் குரல் இல்லை.

மறுநாள் நினைவடுக்குகளைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே பொறுப்பில் இருந்த மும்தாஜ் அவர் வெட்டிய விதத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

“சார், நாள் நாளாப் பொறுக்கி எடுத்தா தனி நகல் வரும். ஆரம்பம், முடிவு மட்டும் சொல்லி வெட்டினா நகல் எடுக்காது. இடம் மிச்சம்னு ஒரு ஜன்னலத் திறந்து விட்டுடும். நீங்க ஜன்னல் வழியா கைய விட்டு மூலத்தையே துடைச்சிருக்கீங்க.”

“வெட்டுன்னா தனியா வெட்டி எடுக்கிறதுதானேம்மா?”

“முதல்ல நகல் எடுன்னு சொல்லியிருக்கணும் சார்.”

“துடைக்கிறதுக்கு முன்னாடி, போன வருசமே என் கொழுந்தியாளுக்கு எல்லாத்தையும் அனுப்பியிருந்தேனே! அவகிட்ட இருக்குமே?”

“அதையும் ஒரே வெட்டாத்தான் அனுப்பினீங்களா?”

அவர் ஆமென்று தலையை ஆட்டினார். “அப்ப அதுவும் இதே ஜன்னல்தான் சார்” என்று அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வீடு திரும்பி, துடைக்காமல் விட்டது ஏதாவது அகப்படுமா என்று முதலிலிருந்து தேடினார். பாதி நாட்களில் ஆளுக்கோர் அறையில் இருந்தார்கள். மீதி கல்யாணம், கேக், கிறிஸ்துமஸ், புதுச் சேலை. அவற்றில் எல்லாம் ரோஸ்லின் சுவரிலிருந்த கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் நின்று அவரும் அதைப் பார்த்தே சிரித்தார்.

முப்பத்தோரு வருடத்தில் அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது சண்டை போட்டபோது மட்டும்தான். அதைத்தான் அவர் நான்கு மாதம் உட்கார்ந்து துடைத்திருந்தார்.