குழாயில் ஒரு தட்டு

பம்பை இன்னும் போடவே இல்லை. ஆனால் குழாய் வியர்த்திருந்தது.

கௌரிசங்கர் கையை வைத்துப் பார்த்தான். ஜில்லென்றிருந்தது. பாலைவன ஊரான அல் ஐனில், ஜூலை மாதத்து மதியத்தில், நிலத்தடித் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் ஏறும். இன்னொரு தலைவலி என்று நினைத்துக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். இந்த வில்லா வேலைக்கு வந்த நாளிலிருந்து அவனுக்குத் தலைவலிக்குப் பஞ்சமில்லை.

வீட்டு ஏசியின் சூட்டை வெளிக்காற்றில் தள்ளாமல் பூமிக்குள் தள்ளும் ஏற்பாடு அது. ஒரு போர்வெல்லிலிருந்து தண்ணீர் ஏறி, சூட்டை வாங்கிக்கொண்டு, தோட்டத்தின் மறுகோடியில் இன்னொரு போர்வெல்லில் இறங்கிவிடும். சொல்லச் சுலபம். எந்தப் பம்ப் என்பதில்தான் சண்டை. மேனேஜர் விஜயபாஸ்கருக்கு, முசஃபா குடோனில் தூங்கும் பெரிய பம்பை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும். அதற்கு முழு வேகம் தெரியும், இல்லாவிட்டால் நிற்கத் தெரியும். ஓயாமல் போட்டு நிறுத்தி மோட்டாரே கருகிவிடும் என்று கௌரிசங்கர் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியாயிற்று. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பம்பே போதும் என்று அடம்பிடித்துப் போர்வெல்லுக்குள் இறக்கியும் ஆயிற்று. கோயம்புத்தூர்க்காரனுக்குப் பம்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்! மூன்று மணிக்கு வீட்டுக்கார அரபியைக் கூட்டிக்கொண்டு விஜயபாஸ்கர் வருகிறார். அதற்குள் தண்ணீர் ஒழுங்காக ஓடாவிட்டால் சின்னப் பம்ப் வெளியே, கூடவே அவனும்.

ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை; அதற்குப் போர்வெல் பக்கம் ஓர் ஆள் நிற்க வேண்டும். மூன்று மணி வரை மதிய வெயிலில் வெளியே வேலை கூடாது என்பது சட்டம். போன கோடையில் ஒரு வெல்டர் சுருண்டு விழுந்ததைப் பார்த்தவன் அவன். சட்டமே இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் ஆளை வெளியே விட மாட்டான். டெக்னீஷியன் ஜெபசீலனும் ராஜிக் என்ற ஹெல்பரும் ரெஸ்ட் கேபினில் படுத்திருந்தார்கள். பம்ப் ரூமில் அவன் மட்டும், மூடிய ஜன்னலோடும் ரப்பர் வாடையோடும், கடிகாரத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டங்.

குழாயில்தான். வெளியே கைப்பேசி சூடேறி அணைந்துவிடும் என்பதால் தண்ணீர் ஏறும் போர்வெல்லின் கிணற்றடிக்கும் பம்ப் ரூமுக்கும் அந்த இரும்புக் குழாய்தான் போன். ஸ்பேனரால் ஒரு தட்டு என்றால் போடு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. ஜெபசீலனின் இரண்டாவது தட்டு எப்போதும் மெதுவாக விழும். மணிக்கட்டில் பழைய அடி.

கௌரிசங்கர் ஜன்னலுக்குப் போனான். கிணற்றடியைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருந்ததால் உள்ளே யார் என்று தெரியவில்லை. ஜெபசீலனைக் கூப்பிட்டான்; போன் அணைந்திருந்தது. வேறு யார்? காலையிலேயே சொன்னாரே, "கவலப்படாதீய சார், மூணு மணிக்குள்ள தண்ணி ஓடும்லா" என்று. தனக்காக வெயிலில் போய் நிற்கிறார். கோபமாக வந்தது. உள்ளூர நிம்மதியாகவும் இருந்தது, அதுதான் வெட்கம்.

டங்.

"போடறனுங்க, போடறேன்," என்று முணுமுணுத்து, கண்ட்ரோல் பெட்டியின் பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

தண்ணீர் ஓடியது. துளி அதிர்வில்லாமல், அவன் கணக்குப் போட்ட அதே வேகத்தில், மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் வரும் வாடையையும் கூட்டிக்கொண்டு, குழாய் முழுக்கச் சலசலத்தது. குழாயின் வியர்வை வெண்மையாக உறையத் தொடங்கியது.

பின்கதவு திறந்தது. வாசலை அடைத்துக்கொண்டு ஜெபசீலன் நின்றார். அகன்ற தோளைச் சாய்த்துத்தான் அந்தக் கதவுக்குள் அவரால் நுழைய முடியும். கன்னத்தில் தலையணைக் கோடு.

"யாரு சார் பம்ப போட்டது?"

"நீங்க தட்டுனீங்கன்னுதானுங்க போட்டேன்!"

"நான் தூங்கிட்டுல்லா கெடந்தேன்."

"அப்ப ராஜிக்கா?"

"அவன் எம் பக்கத்துல கொறட்ட விட்டுட்டுக் கெடக்கான்."

டங்.

இருவரும் குழாயைப் பார்த்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பம்பை யாரோ போடச் சொல்கிறார்கள். பெட்டியில் வேக எண் தானாக ஏறியது. கௌரிசங்கர் சிவப்புப் பொத்தானைக் குத்தினான். எண் இறங்கியது. சத்தம் அடங்கியது.

ஜெபசீலன் மஞ்சள் ஹெல்மெட்டையும் ஸ்பேனரையும் எடுத்தார். "பக்கத்துப் பண்ணக்காரன் எவனோ வெளையாடுதான். பாத்துட்டு வாறேன்."

"போகாதீங்க. மூணு மணி ஆகட்டும்."

"மூணு மணிக்கு மேனேஜரு வந்து நிப்பாருலா. ஒரு நிமிசம் சார்."

கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். கௌரிசங்கர் கடிகாரத்தைப் பார்த்தான்.

வெள்ளை வெயிலில் அந்தப் பெரிய முதுகு நடந்து போவதையும், தார்ப்பாய் விலகி மூடுவதையும் ஜன்னல் வழியாகப் பார்த்தான். பிறகு எதுவும் அசையவில்லை. காற்றுகூட இல்லை.

டங்.

அழுத்தமான தட்டு. ஜெபசீலனுடையதா? ஒரே தட்டில் எப்படித் தெரியும்?

"போட மாட்டேன்," என்றான் உரக்க.

பச்சை விளக்கு எரிந்தது. அவன் தொடவில்லை. எண் ஏறியது.

டங். டங்.

இரண்டாவது மெதுவாக.

சிவப்புப் பொத்தான். மறுபடி. மறுபடி. எண் ஏறியது.

டங். டங். டங். டங்.

மெயின் சுவிட்சைப் பிடித்து இழுத்தான். எல்லா விளக்கும் அணைந்தன. குழாய்க்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

ஓடினான். மணல் செருப்பைச் சுட்டது. தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு உள்ளே விழுந்தான்.

யாரும் இல்லை.

மணலில் ஒரே ஒருவரின் காலடிகள். உள்ளே வந்தவை. போர்வெல் வரைக்கும். திரும்பியவை இல்லை.

போர்வெல்லின் மூடி கழன்று கிடந்தது. ஒரு சாண் அகல வாய். அதற்குள்ளேயே பம்பின் குழாயும் வயரும் வேறு. ஒரு பூனைகூட இறங்க முடியாது. அந்த வாயின் மேல், உள்ளே போக முடியாமல், மஞ்சள் ஹெல்மெட் சாய்ந்து நின்றது.

"ஜெபசீலன்!"

முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது. மண்டியிட்டுக் காதை வைத்தான்.

ரொம்ப ஆழத்தில், இரும்பின் மேல் இரும்பு.

டங். மெதுவாக, டங்.

நிறுத்து. நிறுத்து.