கிடைத்தது என்றொரு பதில்

ஆயுத பூஜை அன்று நண்பகல் அனுப்பிய ரத்தப் பரிசோதனை முடிவு அது. பசுமலை ஆய்வகத்தில் வேலை செய்யும் தமிழ்ச்செல்வி ரங்கநாயகியிடம் மூன்றாம் முறையாகச் சொன்னாள்.

"நல்லகாமன் ரத்தத்துல பொட்டாசியம் ஏறிக் கெடக்குன்னு அவனியாபுரம் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர்ல அனுப்புனேன். 'கிடைத்தது'ன்னு பச்சையில பதிலும் வந்துச்சு. இப்ப வரவே இல்லைங்கிறாக. அனுப்பாம விட்டுட்டுப் பொய் சொல்றேனாம். சாயந்தரம் விசாரணை. வேலை போயிரும்மா."

நல்லகாமன் எழுமலை விவசாயி. சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போனதில் நினைவிழந்து கிடந்தார்.

ரங்கநாயகி கேட்டுக்கொண்டிருந்தார். மருத்துவமனைக் கணினித் தகராறுகளை விசாரிப்பது அவர் தொழில். கேள்விகளை அடுக்கியது அவருடைய உதவியாளன் சாய்குமார். ஆய்வகத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவே தகவலை வாங்கிக் கொடுக்கும் கணினியை முன்பு அமைத்தவனும் அவன்தான்.

பச்சை என்றதும் அவனுக்குள் ஏதோ உறுத்தியது. குரலை உயர்த்தினான்.

"அந்தப் பதிலை நீயே உண்டாக்குனியா? லீவு நாள். வீட்டுக்குப் போற அவசரத்துல மறந்திருப்ப."

"மறக்கல அண்ணே." அவள் அழுதாள். அதையும் அவன் சந்தேகத்தில் சேர்த்தான்.

அவனியாபுரத்தில் வார்டு எழுத்தர் சிவபாண்டி கணினியைக் காட்டினார். "அன்னைக்குப் பூராம் மெசினு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒண்ணும் வரல."

திரையிலும் பெட்டியிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. ரங்கநாயகி குனிந்து பார்த்தார்.

"மத்த பொட்டெல்லாம் முழுசா இருக்கு. பவர் பட்டன்ல மட்டும் உதிர்ந்திருக்கு. ஈரத்துல அமுக்கியிருந்தா இழுவியிருக்கும். இது காஞ்சப்புறம் அமுக்குனது. ஓடிக்கிட்டிருந்த மெசினுக்குப் பட்டன் எதுக்கு சிவபாண்டி?"

அவர் தரையைப் பார்த்தார். "பூஜை போட்டதைத் தொடக்கூடாதுன்னு அமத்தி வச்சேம்மா. மறுநாள் காலையிலதான் போட்டேன். வருசா வருசம் செய்யிறதுதான்."

"ஆளு சிக்கிருச்சு மேடம்," என்றான் சாய்குமார்.

"பாதிதான். அணைஞ்சு கெடந்த மெசினு 'கிடைத்தது'ன்னு எப்படிப் பதில் சொல்லும்?"

சாய்குமாருக்குக் காது மடல் சுட்டது.

மாலை விசாரணையில் மருத்துவர்கள் முன்னால் ரங்கநாயகி சொன்னார்: "இந்தப் பொண்ணு பொய் சொல்லல. பதில் வந்தது நிஜம். ஆனா வார்டுல இருந்து வரல. நடுவுல இருக்கிற கணினியோட பதிவைப் பாத்தேன்; வார்டு வாங்குச்சான்னு பாக்காமலே அதுவே பதில் சொல்லிருச்சு. அங்க மெசினு அணைஞ்சிருக்கவும் தகவலைத் தூக்கி எறிஞ்சிருச்சு. ஏன் அப்படி வச்சீங்க சாய்குமார்?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். எழுந்து நின்றான்.

"வார்டுப் பக்கம் லைன் அடிக்கடி அறுந்துபோகும். பதில் வராட்டி ஆய்வகத் திரை சிவப்பாயிரும். உடனே எனக்குப் போன் வரும். சாப்பிட விடமாட்டாங்க, தூங்க விடமாட்டாங்க. அதான், எப்பவும் பச்சையே காட்டட்டும்னு..."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"சிவப்பு வந்திருந்தா நான் வார்டுக்கு ஒரு போன் அடிச்சிருப்பேனே," என்றாள் தமிழ்ச்செல்வி. பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள்:

"காலையில என்னைய அம்புட்டுக் கேள்வி கேட்டீகளே அண்ணே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"